மூன்றாவது கேட்

பெண் கேட்டு வந்தவனை வண்டியின் பின்தட்டில் ஏற்றிவிட்டு, நாயை முன் இருக்கையில் உட்கார வைத்தான் எர்வின்.

"மிட்ஸிக்கு வயசாயிருச்சு மாப்ள, தூசி ஒத்துக்காது. நீங்க சின்னப் பிள்ள, காத்து வாங்கிக்கிட்டு வாங்க."

லெஸ்டர் சிரித்துக்கொண்டே ஏறினான். சாம்பல் நிறக் கோட்டு, பளபளவென்று தேய்த்த ஷூ. பின்தட்டில் கிடந்த கம்பிச் சுருளையும் ஆட்டுப் புழுக்கையையும் தள்ளிவிட்டு, முன்னால் இருந்த தகரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். ஹெல்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் கிண்டல் செய்தால் சிரித்துவிடுவது அவளுக்குச் சின்ன வயசுப் பழக்கம். சிரிக்காவிட்டால் அடுத்த கிண்டல் அவளைப் பற்றியதாக இருக்கும்.

லெஸ்டர் தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில் பியானோ சுருதி சேர்ப்பவன். வருஷத்துக்கு இரண்டு தடவை இந்தப் பக்கம் வந்து ஊர் மண்டபத்துப் பியானோவையும் லூதரன் சபையின் ஹார்மோனியத்தையும் சரி பார்ப்பான். ஹார்மோனியம் வாசிப்பவள் ஹெல்மா. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. இதுவரை அவளைத் தேடி வந்த ஒரே ஆள் இவன்தான். இனி இன்னொருவன் வரப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், எர்வினுக்கும் தெரியும். அவள் போய்விட்டால் சமைக்க, துவைக்க, கோழிக்குத் தீனி வைக்க அந்த வீட்டில் வேறு நாதி கிடையாது என்பதும் எர்வினுக்குத் தெரியும். சட்டப்படி அவளை யாரும் தடுக்க முடியாது. ஆனால் அந்த ஜெர்மன்காரக் குடும்பங்களில், வீட்டு ஆம்பிளை தலையாட்டாமல் எந்தப் பெண்ணும் பலிபீடத்துக்கு முன்னால் போய் நின்றதில்லை. அப்பா இல்லை. தலையாட்ட வேண்டியது எர்வின்தான்.

அதனால்தான் இந்த மரியாதையெல்லாம். முனையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று அவனே கூப்பிட்டான். வரைபடத்தில் அதற்கு எவனோ ஒரு கப்பல் தலைவன் பெயர் போட்டிருக்கிறது. பக்கத்து ஆட்களுக்கு அது வெறும் முனை. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புப் பாறை. அதன் மேல் மரம் கிடையாது, உப்புச் செடியும் காய்ந்த புல்லும்தான். எர்வினின் செம்மறிகளில் பாதி கோடையில் அங்கேதான் மேயும்.

வழியில் மூன்று கேட். கதவோரம் உட்கார்ந்திருப்பவர் இறங்கித் திறக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். பத்து வயதிலிருந்து ஹெல்மாதான் திறக்கிறாள். அன்றைக்கு எர்வின் விடவில்லை.

"நீ உக்காரு புள்ள. மாப்ள எதுக்கு இருக்கார்?"

முதல் கேட்டில் லெஸ்டர் குதித்து இறங்கினான். சங்கிலியைக் கொக்கியிலிருந்து எடுக்கும் வித்தை பிடிபடாமல் திணறித்தான் திறந்தான். வண்டி உள்ளே போனதும் மூடிவிட்டு ஓடி வந்து ஏறப் போகையில் எர்வின் வண்டியை நாலு அடி நகர்த்தினான். மறுபடி ஏறப் போனான், மறுபடி நகர்த்தினான். நடுவில் தொங்கிய கண்ணாடியில் கோட்டு வால் பறக்க ஓடி வருகிறவனைப் பார்த்து ஹெல்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இது எல்லாப் புது ஆட்களுக்கும் நடப்பதுதான். ஆனாலும் மூன்றாம் தடவை அவளுக்கே எரிச்சல் வந்தது.

"போதும்ணே."

"என்ன போதும்? ஓடத் தெரியுதான்னு பாக்கறேன்."

இரண்டாவது கேட்டில் லெஸ்டர் மூட மறந்து ஏறிவிட்டான். ஓட வேண்டி வருமோ என்ற அவசரம். எர்வின் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"மாப்ள, உங்க வீட்டுக்குக் கதவு உண்டா? இல்ல தொறந்தே போட்ருவீங்களா? கேட்ட மூடுங்க. மூடாத கேட்டால குடும்பமே அழிஞ்சிருக்கு இங்க."

உண்மையான விதி அது இல்லை. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் விதி. மூடியிருந்தால் மூடு, திறந்திருந்தால் திறந்தே விடு. அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும் என்பதால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எர்வினும் சொல்லவில்லை. லெஸ்டர் முகம் சிவந்து போய் ஓடி, மூடிவிட்டு வந்தான்.

மூன்றாவது கேட் திறந்தே கிடந்தது. கோடை முழுக்க அப்படித்தான். முனையில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இறைக்கும் காற்றாடியும் தொட்டியும் கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கின்றன. ஆடுகள் சாயங்காலம் கேட் வழியாக வந்து குடித்துவிட்டுத் திரும்பும். கேட் காற்றில் ஆடாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். வண்டி நிற்காமலே அதைக் கடந்தது. பின்தட்டில் லெஸ்டர் தூசிக்குப் பயந்து தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்படி ஒரு கேட் இருந்ததே அவனுக்குத் தெரியாது.

முனையில் தெற்குக் காற்று ஆளைத் தள்ளியது. கீழே அலை பாறைக்கு அடியில் நுழைந்து, மேலே இருந்த ஒரு துளை வழியாகப் பெருமூச்சு விட்டது. லெஸ்டர் அந்தச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து நின்றான்.

"இது கீழ் ஜி சுரம்," என்றான் ஹெல்மாவிடம். "கொஞ்சம் இறங்கியிருக்கு. சுருதி சேக்கணும்."

அவளுக்கு அது பிடித்திருந்தது. முனைக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். மீன் பிடிக்கலாமா, ஆழம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

"கடல்நாய் பாக்கலாம் வாங்க," என்றான் எர்வின். "நின்னுக்கிட்டுப் பாத்தா தெரியாது. குப்புறப் படுக்கணும்."

லெஸ்டர் கோட்டோடு குப்புறப் படுத்து விளிம்புக்கு நகர்ந்தான். எர்வின் அவன் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவன் ஒரு முழம் முன்னால் தள்ளினான்.

லெஸ்டர் போட்ட கூச்சலில் கடல்நாய்கள் தண்ணீருக்குள் விழுந்தன. எர்வின் விடவில்லை. இடுப்பு வரை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, "தெரியுதா மாப்ள? குட்டி எத்தன? எண்ணிச் சொல்லுங்க," என்று கேட்டான்.

"அண்ணே, விடு." ஹெல்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுண்ணே."

"விடவா? நல்லா யோசிச்சுச் சொல்லு. விட்ரவா?"

இழுத்துப் போட்டபோது லெஸ்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. கோட்டின் முழங்கை கிழிந்திருந்தது. எழுந்து, கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு, நின்றபடியே கேட்டுவிட்டான்.

"எர்வின், நான் ஹெல்மாவக் கல்யாணம் பண்ணிக்க விரும்பறேன். நீங்க சரின்னு சொல்லணும்."

இந்த நேரத்தில் இந்தப் பயல் இதைக் கேட்பான் என்று எர்வின் எதிர்பார்க்கவில்லை.

"உங்க கால நான் பிடிச்சிருந்தப்பவே கேட்டிருக்கலாமே," என்றான். "அடுத்த ஞாயித்துக்கெழம சாப்பிட வாங்க. பதில் சொல்றேன்."

திரும்பும்போது லெஸ்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மூன்றாவது கேட்டைக் கடந்ததும் வண்டியின் கூரையைத் தட்டினான். எர்வின் வேகத்தைக் குறைத்தான். லெஸ்டர் குதித்து ஓடி, கல்லைக் காலால் தள்ளி, கேட்டை இழுத்து மூடிச் சங்கிலியை மாட்டினான். இந்தத் தடவை கொக்கி ஒரே முயற்சியில் விழுந்தது. பரீட்சை எழுதி முடித்தவனைப் போல ஒரு முகத்தோடு வந்து ஏறினான்.

ஹெல்மா அதைக் கண்ணாடியில் பார்த்தாள். வாயைத் திறந்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் சாலையைப் பார்த்துச் சீட்டியடித்துக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை போலிருந்தது. இப்போது சொன்னால் வண்டி நிற்கும், லெஸ்டரை இறக்கி நிற்க வைத்து ஒரு பாட்டம் ஆடுவான், சபை முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். இன்றைக்கு அந்த மனுஷன் பட்டது போதும் என்று அவளுக்குத் தோன்றியது. நாளைக்கு நானே நடந்து போய்த் திறந்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம். வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் எர்வின் அவளை நகரவிடவில்லை. துணி, ரொட்டி, ஊறுகாய்க்கு வெள்ளரிக்காய். செவ்வாய்க்கிழமை அவன் காற்றாடிக்கு எண்ணெய் விடப் போகிறேன் என்று கிளம்பிப் போனான். திரும்பி வந்து கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூடியிருந்ததைப் பார்த்திருந்தால் வீடு இரண்டாயிருக்கும். பேசவில்லை என்றால்? யார் செய்தது என்று தெரியாமல் திறந்துவிட்டிருப்பான், அவ்வளவுதான். அப்படித்தான் அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அவளுக்கு அது சௌகரியமாக இருந்தது.

புதன்கிழமை வடக்குக் காற்று கிளம்பியது. பாலைவனத்திலிருந்து வரும் காற்று. முற்றத்துக் கோழிகள் வாயைத் திறந்தபடி படுத்துவிட்டன. மத்தியானம் வடக்கே புகை தெரிந்தது. ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் தண்ணீர்த் தொட்டியும் ஈரச் சாக்குமாகத் தீயை அடிக்கப் போனார்கள். எர்வின் வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் வெள்ளிக்கிழமைதான் வந்தான்.

வியாழக்கிழமை காலையில் ஹெல்மாவுக்கு மனசு கேட்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தாள். முதல் கேட்டைத் தாண்டினாள். இரண்டாவது கேட்டின் இரும்பு கையைச் சுட்டது. காது அடைத்து, கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகப் பூச்சி பறந்தது. அண்ணன்தான் திறந்திருப்பானே என்று அங்கேயே திரும்பிவிட்டாள். காற்று எதிர்த் திசையில் அடித்ததால் ஆடுகள் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. அதற்குள் அவற்றால் கத்த முடிந்ததோ என்னவோ.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புருவம் கருகி வந்த எர்வின், சாப்பிடாமல் கூட முனைக்குப் போனான். இருட்டுவதற்கு முன்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. நின்று நின்று வெகுநேரம் கேட்டது.

"எல்லாம் கேட்டோரம் குமிஞ்சு கெடக்கு," என்றான் வந்து. "தண்ணி வாசம் அடிக்குதுல்ல இந்தப் பக்கம். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கியிருக்கு. உசுரோட இருந்ததோட கண்ணக் காக்கா தின்னுருச்சு. ஏழெட்டுதான் தேறும், அதுகள இந்தப் பக்கம் தூக்கி விட்டுட்டேன்."

"புதைக்கணுமே," என்றாள் ஹெல்மா.

"கெடக்கட்டும். ஞாயித்துக்கெழம மாப்ள வர்றார்ல. அவரு பாக்க வேண்டாமா?"

ஞாயிற்றுக்கிழமை லெஸ்டர் தன் சின்னக் காரில் வந்தான். வீட்டுக் கேட் திறந்திருந்தது. பால் மாடு உள்ளே வந்து தண்ணீர் குடிக்க அது எப்போதும் திறந்தே இருக்கும். கையில் ஹெல்மாவுக்கு ஒரு பாட்டுப் புத்தகம், எர்வினுக்கு ஒரு புட்டி பிராந்தி. கோட்டின் கிழிந்த முழங்கையில் யாரோ அழகாகத் தையல் போட்டிருந்தார்கள்.

"சாப்பாடு அப்புறம்," என்றான் எர்வின். "மொதல்ல முனைக்குப் போவோம். இன்னைக்கு நீங்க முன்னால உக்காருங்க." ஹெல்மா பின்தட்டில் ஏறிக்கொண்டாள்.

மூன்றாவது கேட்டுக்கு வெகு முன்பே நாற்றம் வந்தது. லெஸ்டர் இறங்கினான். கம்பிகளுக்குப் பின்னால், ஆள் இடுப்பு உயரத்துக்குக் கம்பளி. ஊதிப்போன வயிறுகள். கேட்டின் கடைசிக் கம்பிக்கு அடியில் ஒரு குட்டி தலையை இந்தப் பக்கம் நுழைத்தபடி செத்திருந்தது. அதற்கு ஐம்பது அடி தள்ளித் தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது.

லெஸ்டர் சங்கிலியைப் பார்த்தான். கொக்கியைப் பார்த்தான். கல் ஓரமாகக் கிடந்தது.

"நான்தான் மூடினேன்," என்றான்.

மழுப்பவில்லை, யாரும் சொல்லவில்லையே என்று கேட்கவில்லை. அப்படி ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் ஹெல்மாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நீங்கதான்," என்றான் எர்வின் அமைதியாக. "கோட்டக் கழட்டுங்க. வேல இருக்கு."

மத்தியானம் முழுக்க வேலை. கால்களில் கயிறு கட்டி, வண்டியில் மாட்டி முனைக்கு இழுத்துப் போய், விளிம்பில் உருட்டித் தள்ள வேண்டும். கயிறு கட்டுவதும் தள்ளுவதும் லெஸ்டர். கால் கையோடு பிய்ந்து வந்தது ஒன்றிரண்டு தடவை. வாந்தி எடுத்தான், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பக் கட்டினான். போன வாரம் அவன் குப்புறப் படுத்திருந்த அதே இடத்திலிருந்துதான் தள்ளினார்கள். கீழே தண்ணீரில் சுறாக்களின் கரிய முதுகுகள் திரும்பின. துளை பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. லெஸ்டர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. எர்வின் வண்டியை ஓட்டியதோடு சரி.

வீட்டுக்கு வந்து லெஸ்டர் வாசல் தொட்டியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். சமையலறையில் எர்வின் ஹெல்மாவின் பக்கத்தில் வந்து நின்றான். குரல் உயரவில்லை.

"நீ கண்ணாடில பாத்த."

அவள் கையிலிருந்த தட்டு மேசையில் இடித்தது.

"அவன் மூடினத நீ பாத்த. வாயத் தொறந்த, மூடிக்கிட்ட. நான் அவனையும் பாத்தேன், உன்னையும் பாத்தேன்."

"பாத்துட்டு நீ ஏன் சொல்லல?"

"நீ சொல்றியான்னு பாத்தேன். செவ்வாக்கெழமயும் பாத்தேன், காத்தாடிப் பக்கமே போகல, வழியில படுத்துட்டு வந்தேன். அப்பவாவது கேட்டப் பத்திக் கேப்பியான்னு பாத்தேன். நம்ம ஆடு பெருசா, அவன் மானம் பெருசான்னு தெரியணும்ல எனக்கு. புதன்கெழம நானே போய்த் தொறந்திருப்பேன். தீ வந்துருச்சு."

"உன் ஆடுதானே செத்துச்சு?"

"என் ஆடுதான்," என்றான் எர்வின். அப்போது அவன் முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை. அழுதுவிடுவான் போல இருந்தது. "போய் அவன்கிட்ட சொல்லு. நானும் அண்ணனும் பாத்தோம், தெரிஞ்சேதான் உன்ன அதத் தூக்க விட்டோம்னு சொல்லு. தைரியமிருந்தா சொல்லு."

மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். புகையிட்ட இறைச்சி, வெள்ளரி ஊறுகாய், மாவுத்தூள் தூவிய கேக். யாரும் தொடவில்லை. லெஸ்டர் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தான்.

எர்வின் தொண்டையைச் செருமினான். "பதில் சொல்றேன்னு சொல்லியிருந்தேன். எனக்குச் சம்மதம் மாப்ள. கூட்டிட்டுப் போங்க."

ஹெல்மா அண்ணனைப் பார்த்தாள். இந்தச் சம்மதத்தை எந்த நேரத்தில் எடுத்து வைத்தால் அது விஷமாகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

லெஸ்டர் அவளைப் பார்த்துக் கேட்டான். "ஹெல்மா, அன்னைக்கு நான் மூடினத நீ பாக்கலதானே?"

அவன் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தான். பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். உன்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். பாரத்தில் பாதியாவது அவன் தோளிலிருந்து இறங்கியிருக்கும். ஆனால் அந்த முகம் தன்னை எப்படிப் பார்க்கும் என்று நினைத்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"பாக்கல," என்றாள்.

"அதான். பாத்திருந்தா நீ சொல்லியிருப்ப." அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "என்னால முடியாது ஹெல்மா. உன்னப் பாக்கறப்பல்லாம் அந்தக் குட்டியோட தலைதான் தெரியும். நீயும் என்னப் பாத்து அதத்தான் நெனப்ப. நீ நல்லவ. உனக்கு இது வேண்டாம்."

எழுந்து, எர்வினிடம் மன்னிப்புக் கேட்டான். பாட்டுப் புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டுக் காருக்குப் போனான்.

அண்ணனும் தங்கையும் வாசலில் நின்றார்கள். கார் வீட்டுக் கேட்டைக் கடந்து நின்றது. லெஸ்டர் இறங்கினான். திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தான். வந்தபோது எப்படி இருந்தது என்று அவனுக்கு நினைவில்லை. நினைவிருந்தாலும் இனி அவன் அதை நம்பப் போவதில்லை. கேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு வீட்டைத் திரும்பிப் பார்த்தான். கையால் சைகை செய்தான்: மூடவா? விடவா?

ஹெல்மாவின் கை பாதி எழுந்தது.

"பொறு," என்றான் எர்வின். "என்ன பண்றான்னு பாப்போம்."

இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டுப் போகிறானே என்று அவளுக்கு அவன் மேல் கோபம் பொங்கியது. நல்லவளாம். நல்லவள் என்று சொல்லி இந்த வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறான். கையைக் கீழே இறக்கிவிட்டாள்.

லெஸ்டர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தான். பிறகு கேட்டை மூடினான். சங்கிலியை மாட்டி, விழுந்ததா என்று இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தான். காரில் ஏறினான்.

"தப்பு," என்றான் எர்வின், சிரித்தான்.

ஹெல்மாவும் சிரித்தாள். தன் வாயிலிருந்து அந்தச் சத்தம் வருவது அவளுக்கே கேட்டது, அண்ணனின் சிரிப்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. தூசி அடங்குவதற்குள் மாடு கேட்டின் வெளிப்பக்கம் வந்து நின்று, கம்பியில் கழுத்தை வைத்துத் தேய்த்தது.

அவள் படியிறங்கிப் போய்த் திறந்துவிட்டாள். இந்தத் தடவை நாளைக்கு என்று விடவில்லை.